முனாப் பேரில் ஒரு கிணறு

17-1-1983, திங்கள்

பாஸ்போர்ட் இரண்டும் வந்துவிட்டன. பச்சியப்பனுடையதைக் கடையிலேயே பிரித்துக் கொடுத்தேன். தன் போட்டோவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இந்த மூஞ்சியப் பாத்தா எந்த தேசத்துல பாய் உள்ள வுடுவான்? களவாணின்னு திருப்பி அனுப்பிருவானுங்க.” இருபது வருஷமாக என்னோடு கிணறு வெட்டுகிறவன். காரிமங்கலத்துக்காரன். சேலத்தைத் தாண்டியதில்லை. இப்போது மாலத்தீவு.

காலையிலிருந்து கடையில் கூட்டம். மழை பொய்த்து இரண்டாவது வருஷம். பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போட்டவர்கள் வாயில் ஒரே பேச்சு - இன்னும் இருபது அடி இறக்கணும், முப்பது அடி இறக்கணும். ஒளிப்பானேன், ஊர் காய்ந்தால்தான் என் கடையில் ஈரம். பதினாறு வயதில் கடப்பாரையோடு கிணற்றில் இறங்கியவன் நான். தண்ணீர் இல்லையா, இன்னும் ஆழம் போ. அது ஒன்றைத்தான் படித்தேன். அதை வைத்துத்தான் பைப்புக் கடை, மோட்டார், அடிபம்பு, ஆழப்படுத்தும் கான்ட்ராக்ட் என்று இவ்வளவும்.

ஐப்பசியில் பள்ளிவாசல் முத்தவல்லி நூர் பாஷா ஒரு கடிதம் கொண்டுவந்தார். தூத்துக்குடியில் கடை வைத்திருக்கும் மாலத்தீவு வியாபாரி, தீதி சேட் என்று சொல்வார்கள், அவர் எழுதியது. அவர்கள் தீவுகளில் நல்ல தண்ணீர் இல்லாமல் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. கிணற்று வேலை தெரிந்தவர்கள் சம்பளமில்லாமல் இரண்டு மாதம் வந்து உதவினால் கப்பலும் சாப்பாடும் தங்கள் பொறுப்பு, யாராவது உண்டா என்று கேட்டிருந்தார். நான் போறேன் என்றேன். நூர் பாஷா என்னையே பார்த்தார். “அங்கயும் கடை போடப் போறீங்களா?”

“இல்லீங்க. முனாப் பேருக்கு.”

கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

21-1-1983, வெள்ளி

அஸ்கரி பேகம் மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று பேசினாள். “நம்ம தெருவுல கொடம் வரிசை கட்டி நிக்குது. நீங்க கடலத் தாண்டிப் போய்க் கெணறு வெட்டறீங்க. அங்க சுத்தியும் தண்ணிதானே?” என் பெண்டாட்டிக்கு வாய் அப்படி. நாங்கள் வீட்டில் பேசுவது உருது. திட்டும்போது மட்டும் தமிழுக்கு வந்துவிடுவாள், தெருவுக்கும் கேட்கட்டும் என்று.

காரணம் அவளுக்கே தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால், மொரப்பூர் பக்கம் ஒரு கிணறு. பாறையை உடைக்க ஐந்து வேட்டு வைத்தோம். நாலுதான் வெடித்தது என்று பச்சியப்பன் எண்ணினான். ஐந்தும் வெடித்தது என்று நான் எண்ணினேன். “எறங்கிப் பாருடா” என்று தம்பியை இறக்கியது நான். முனாபுக்கு அப்போது இருபத்தாறு. கல்யாணமாகி எட்டு மாதம்.

இறந்துபோனவர் பேரில் தண்ணீர் தர்மம் செய்தால், அதில் ஒருவர் குடிக்கக் குடிக்க அவருக்கு நன்மை போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். அதை இங்கேயே செய்யக் கூடாதா என்றால் - இங்கே எந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தாலும் அவன்தான் தெரிகிறான். வேலைக்காக இறங்குகிறேன். அவன் பேரைச் சொல்லி இறங்க முடியவில்லை.

முனாபின் மனைவி ஹசீனா எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் இருக்கிறாள். துணி தைத்துக் கொடுக்கிறாள். கிணற்றில் பதிக்கக் கல் செதுக்கி வந்திருப்பதைக் காட்டினேன். ஒன்றரை அடிக் கறுப்புக் கல், அரபியிலும் தமிழிலும் அவன் பேர். அவளுக்கு இரண்டும் படிக்கத் தெரியாது. எழுத்தின் பள்ளத்தில் விரலை விட்டு, முதலிலிருந்து கடைசி வரை மெதுவாக ஓட்டினாள்.

“தண்ணி நல்ல தண்ணியா இருக்கணும் பாய்ஜான். கரிச்ச தண்ணின்னா அவங்க வாயிலயே வைக்க மாட்டாங்க.”

9-2-1983, புதன். தூத்துக்குடி

கப்பல் என்று சொன்னார்கள். பெரிய படகு என்று சொல்லியிருக்கலாம். வெங்காயம், மிளகாய், செங்கல், அதோடு எங்கள் இரண்டு அடிபம்பும் பைப்புகளும். நாங்கள் வெங்காய மூட்டை மேல். மூசா என்று ஒரு மாலத்தீவுக்காரன் கூட வருகிறான், கானிதூ தீவுக்காரன், எங்கள் வேலை அந்தத் தீவில்தான். பல வருஷம் இந்தத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றியவன், தூத்துக்குடித் தமிழ் பேசுகிறான். என்னை ‘அண்ணாச்சி’ என்கிறான். பச்சியப்பனுக்கு அதைக் கேட்டு ஒரே சிரிப்பு. பாய் அண்ணாச்சி ஆயிட்டாருன்னு ஊரில் போய்ச் சொல்வானாம்.

12-2-1983, சனி. கடல்

வாந்தி. எழுத முடியவில்லை.

13-2-1983, ஞாயிறு. கடல்

இன்றும் அதே. பச்சியப்பன் வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறான். “பாய், மண்ணுன்னு ஒண்ணு இருந்துச்சே, அது நெசமாங்க?”

17-2-1983, வியாழன். கானிதூ

தலைநகர் மாலேயில் காகிதங்களுக்கு ஒரு நாள். அங்கிருந்து வேறொரு படகில் ஒரு பகலும் ஒரு இரவும். இன்று காலை இறங்கினோம். கால் தரையில் நிற்கவில்லை. மணல் வெள்ளையாக இருக்கிறது, அரிசி மாவு மாதிரி. நாற்பது வீடு, தென்னை, ஈரப்பலா. தீவை முழுசாகச் சுற்றி வர ஒரு பீடி போதும் என்றான் பச்சியப்பன். சுற்றியே வந்துவிட்டான்.

கதீபு என்பவர்தான் இவர்களுக்கு ஊர்த்தலைவர். மெலிந்த மனிதர். சலாம் சொன்னேன், கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. என்னிடம் உருது, தமிழ், கொஞ்சம் கன்னடம் இருக்கிறது. மூன்றும் இங்கே செல்லாது. தொழுகையில் நின்றபோது மட்டும் எல்லாம் புரிந்தது.

20-2-1983, ஞாயிறு

படுக்கக் கயிற்றுக் கட்டில். பகலில் ஈ, மாலையில் கொசு. பச்சியப்பனுக்குக் காலில் பவளக்கல் கிழித்துப் புண். சாப்பாடு மூன்று வேளையும் மீன். “மீன் தண்ணி, மீன் ரொட்டி, மீன் சோறு. இன்னும் பத்து நாள்ல எனக்குச் செதில் மொளைச்சிரும், வூட்டுல சேத்துக்க மாட்டாளுங்க.”

கிணறுகளைப் பார்த்துவிட்டேன். கிணறு என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்கு ஒன்று, இடுப்பளவு, அதில் துவைக்க மட்டும்தான். குடிக்க மழைத் தொட்டி. அது தை மாசத்திலேயே காலியாம். மிச்சம் பள்ளிவாசல் கிணறு ஒன்றுதான். நாற்பது வீட்டுக்கும் குடிதண்ணீர் அது. ஆழம் ஆறடி. ஆறடி! நம் ஊரில் எருக்குழி அதைவிட ஆழம்.

அந்தக் கிணற்றைப் பார்த்துக்கொள்கிறவள் சரீபா. ஐம்பது வயசிருக்கும், பாங்கு சொன்னவரின் விதவை. கிணற்றின் உள்சுவரில் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் அந்தக் கோட்டுக்கு இறங்கினால் மறுநாள் காலைவரை யாரும் மொள்ளக் கூடாது. மொள்வதும் நீளக் கம்பில் கட்டிய தகர டப்பாவில், மேலாக, பால் ஏடு எடுக்கிற மாதிரி. குடத்தை உள்ளே அமுக்கினால் கத்துகிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் மேல் தண்ணீர் தூசியும் பாசியும். அடித் தண்ணீர்தான் தண்ணீர்.

24-2-1983, வியாழன்

இன்று பேச்சு நடந்தது. அந்தக் கிணற்றைப் பதினாலு அடிக்கு இறக்கி அடிபம்பு போடுவது என்று நான் சொன்னேன். கதீபு தலையாட்டினார். அவருக்குப் பம்பு பிடித்துவிட்டது. சரீபா மூசாவிடம் நெடுநேரம் பேசினாள். மூசா தயங்கினான்.

“அண்ணாச்சி, இவ வேண்டாங்கா. கோட்டுக்குக் கீழ நம்ம தண்ணி இல்லியாம், கடலு படுத்துக் கெடக்காம். நல்ல தண்ணி அதுக்கு மேல மெல்லிசா மெதக்குதாம்.”

“நான் எத்தனை கெணறு வெட்டியிருக்கேன்னு சொல்லு.”

சொன்னான். அவள் திருப்பி ஒன்று கேட்டாள். மூசா மொழிபெயர்க்கவில்லை. வற்புறுத்தியதும் சொன்னான்: “அதுல எத்தன கெணறு கடலுக்குள்ள வெட்டுனீகன்னு கேக்கா.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. எழுந்து வந்தேன்.

திரும்பும்போது பச்சியப்பனும் ஆரம்பித்தான். “பாய், இங்க பாறையே இல்லீங்களே. நம்மூர்ல பாறை வெடிப்புல ஊத்து வரும். இங்க வெறும் மணலும் சுண்ணாம்புமா இருக்குது. ஊத்து எங்கிருந்துங்க வரும்?” நீ வேலையைப் பாரு என்றேன்.

28-2-1983, திங்கள்

கதீபு சரி என்றதால் வேலையைத் தொடங்கிவிட்டோம். எட்டடியில் கெட்டியான தளம் தட்டியது. சுண்ணாம்புப் பாறை மாதிரி, ஒரு சாண் கனம். எனக்கு உடம்பெல்லாம் தெம்பு வந்துவிட்டது. தருமபுரிக்காரனுக்குத் தெரியும், கெட்டித் தளம் உடைந்தால் அடியில் தண்ணீர். நானே இறங்கிக் கடப்பாரை பிடித்தேன். உடைந்தது. கணுக்கால், முழங்கால், இடுப்பு - இப்படி ஒரு வேகத்தில் தண்ணீர் ஏறி நான் பார்த்ததில்லை. மேலே பிள்ளைகள் கத்திக் குதித்தன. கைநிறைய அள்ளிக் குடித்தேன். நல்ல தண்ணீர்.

சரீபாவைத் தேடினேன். வரவில்லை.

4-3-1983, வெள்ளி

ஜும்மாவுக்குப் பிறகு கிணறு திறந்தோம். கல்லைப் பதித்து, கதீபு துஆ ஓதினார். முனாப், அப்துல் கரீம் மகன் முனாப் என்று அந்தப் பேருக்கு அந்த ஊர் முழுக்க ஆமீன் சொன்னது. யாரும் அறியாத ஒரு தீவில் என் தம்பி பேர். பம்பை முதலில் அடித்தது ஒரு சின்னப் பெண். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பச்சியப்பன் துண்டைக் கொடுத்தான். நாலு வருஷத்தில் முதல் தடவையாக முனாபை நேராக நினைக்க முடிந்தது - சிரித்துக்கொண்டே கயிற்றைப் பிடித்து இறங்குவானே, அப்படி.

9-3-1983, புதன்

காலை டீ கரிக்கிறது. பாத்திரம் சரியாகக் கழுவவில்லை போல.

10-3-1983, வியாழன்

பாத்திரம் இல்லை.

12-3-1983, சனி

இன்று முழுக்கக் கிணற்றடியில் உட்கார்ந்து பார்த்தேன். கடல் ஏறும்போது கிணறு ஏறுகிறது. கடல் இறங்கும்போது இறங்குகிறது. ஆழத் தோண்டி நான் எடுத்தது ஊற்றில்லை. மெல்லிய படலமாக மேலே மிதந்த மழைத் தண்ணீருக்கு அடியில் நின்ற தளத்தை உடைத்து, கடலுக்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறேன். போதாததற்கு அடிபம்பு. அடியிலிருந்தே உறிஞ்சுகிறது.

அவள் இதைத்தானே சொன்னாள். தமிழில், என் காது கேட்க, மூசா சொன்னானே. கேட்டேன். புரிந்தும் இருக்கும். ஒரு பொம்பளை சிரிக்க வைத்துவிட்டாள் என்பதுதான் பெரிசாகத் தெரிந்தது.

13-3-1983, ஞாயிறு

பக்கத்துத் தீவிலிருந்து தண்ணீர் கொண்டுவரப் படகு விட்டிருக்கிறார்கள். அது மீன் பிடிக்கப் போக வேண்டிய படகு. ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் பச்சியப்பனுக்கும் முதல் குடத்தை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். திட்டியிருந்தால் தேவலை.

15-3-1983, செவ்வாய்

பச்சியப்பன் காலையில் மண்வெட்டியோடு வந்து நின்றான். “மூடிட்டுப் போலாங்க பாய். தளத்த சுண்ணாம்பு வெச்சு அடைச்சு, கோடு வரைக்கும் மணலக் கொட்டிருவோம். பத்து நாள் வேலை. நம்ம கெடுத்தது, நம்மளே சரி பண்ணணும்.”

சனிக்கிழமை படகு வருகிறது, அதை விட்டால் அடுத்தது எப்போதோ, கடையை யார் பார்ப்பது என்றேன். இதெல்லாம் வாயில் வந்தவை. மூடினால் முனாப் கிணற்றை நானே மண்ணள்ளிப் போட்டு மூடுகிறேன். அதுதான் முடியவில்லை. ஒரு தடவை அவனை மண்ணள்ளிப் போட்டு மூடியாயிற்று.

“மழ வந்தா சரியாயிரும்” என்றேன்.

“உங்களுக்கே தெரியுதுங்க, ஆவாதுன்னு.” மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டான்.

19-3-1983, சனி

படகேறிவிட்டேன். கதீபு கருவாடும் கயிறும் கொடுத்து அணைத்துக்கொண்டார். சரீபா தூரத்தில் தகர டப்பாக் கம்போடு நின்றாள். கையை உயர்த்தினேன். அவளும் உயர்த்தினாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

2-4-1983, சனி. தருமபுரி

வந்து மூன்று நாளாகிறது. பஸ் தொப்பூர்க் கணவாய் ஏறும்போது, கல்லும் முள்ளுமான அந்த மலையைப் பார்த்து, பச்சியப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். பாறை, பாய், பாறை என்றான். தூத்துக்குடியிலிருந்து அவன் சொன்ன முதல் வார்த்தை அது.

ஹசீனா கதவோரம் முக்காட்டோடு வந்து நின்றாள். “தண்ணி எப்படி வந்துச்சு பாய்ஜான்?”

“இடுப்பளவு. ஒரே நிமிஷத்துல.”

“நல்ல தண்ணியா?”

நல்ல தண்ணி என்றேன். யோசிக்கக்கூட இல்லை, கடையில் வாஷர் ஒரிஜினலா என்று கேட்டால் ஆமாம் என்கிற மாதிரி வந்துவிட்டது. அவள் முகத்தை அப்போது பார்த்திருக்கக் கூடாது.

23-5-1983, திங்கள்

மூசா சொல்லச் சொல்ல, தீதி சேட் கடைக் கணக்குப்பிள்ளை எழுதிய கடிதம் வந்திருக்கிறது. மழை தொடங்கியும் கிணறு இனிக்கவில்லை. பக்கத்து இரண்டு வீட்டுக் கிணறும் இப்போது உப்பு. ஊரார் கோடு வரை மூடிவிடத் தயார். ஆனால் கதீபு ஒத்துக்கொள்ளவில்லை. இறந்துபோன ஒருவர் பேரில் தர்மமாக எழுதி வைத்த கிணறு, வாரிசு உயிரோடு இருக்கும்போது அவர் சம்மதமில்லாமல் ஒரு கூடை மண் போடக்கூட நமக்கு உரிமையில்லை என்கிறாராம். ‘ஆகவே மர்ஹூம் முனாப் அவர்களின் மனைவியார் சம்மதம் தெரிவித்துக் கைநாட்டு வைத்து ஒரு கடுதாசி அனுப்பித் தர வேண்டியது.’

என்னிடம் சம்மதம் கேட்டிருந்தால் தந்தியே அடித்திருப்பேன். அவளிடம் கேட்கிறார்கள். அவளிடம் கேட்பதென்றால் முதலில் நான் சொல்ல வேண்டும்.

24-5-1983, செவ்வாய்

கடிதத்தைக் கடை மேஜையில் வைத்துப் பூட்டினேன்.

25-6-1983, சனி

நோன்பு பதிமூன்று. நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டுத் தண்ணீர்க் குவளையை எடுத்தேன். நாள் முழுக்கக் காய்ந்த வாய்க்கு முதல் மடக்கு. அங்கே இந்நேரம் படகு வந்திருக்குமா என்று தோன்றியது. குவளையை வைத்துவிட்டேன். அஸ்கரி, “என்னாச்சு, தூசி வுழுந்துச்சா?” என்றாள். ஆமாம் என்றேன். புதுசாக மொண்டு வந்தாள்.

மேஜையைத் திறக்கும்போதெல்லாம் கடிதம் மேலேயே கிடக்கிறது. அதன் மேல் ரசீதுப் புத்தகங்களை அடுக்கினேன்.

18-8-1983, வியாழன்

இரண்டாவது கடிதம். இது சின்னது. கடல் கொந்தளிப்பில் படகு போகாத நாட்களில், நீர் வற்றும் நேரம் பார்த்துப் பவளப் பாறை மேல் நடந்தே பக்கத்துத் திட்டுக்குப் போய்த் தண்ணீர் எடுக்கிறார்களாம். சரீபாவுக்குக் காலில் பாறை கிழித்துச் சீழ் வைத்து, மாலேக்குக் கொண்டுபோய் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். ‘முன் எழுதிய கடுதாசி கிடைக்கவில்லையோ என்று மறுபடி எழுதுகிறோம்.’

கிடைக்கவில்லையோ என்கிறார்கள். நான் வைத்துக்கொண்டிருப்பேன் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

எண்பத்தாறு நாள். எண்ணிப் பார்த்தேன். எண்ணுவதில் நான் எப்படி என்று எனக்குத் தெரியும், அதனால் இரண்டு தடவை எண்ணினேன்.

19-8-1983, வெள்ளி

ஜும்மா முடிந்து நேராகப் பின்கட்டுக்குப் போனேன். ஹசீனா மெஷினில் இருந்தாள். இரண்டு கடிதத்தையும் படித்தேன். ஒன்றும் விடவில்லை, தேதி உட்பட. தளத்தை நான் உடைத்தது, சரீபா சொன்னதை நான் கேட்காதது, பச்சியப்பன் மூடலாம் என்றது, நான் ஓடிவந்தது எல்லாம் சொன்னேன். வாய் வறண்டது. தண்ணீர் கேட்கத் தோன்றவில்லை.

மெஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கரிப்புன்னு எனக்குத் தெரியும் பாய்ஜான்.”

“யாரு சொன்னா? பச்சியப்பனா?”

“யாரும் சொல்லல. வந்ததுல இருந்து நீங்க ஒரு கெணத்துலயும் எறங்கல. ஆளுங்கள மட்டும் அனுப்பறீங்க. அவங்க எறந்து போனப்பகூட மூணாம் மாசமே எறங்குனீங்க.” சக்கரத்திலிருந்து கையை எடுத்து, “ஆனா இந்தக் கடுதாசி தெரியாது. அந்தம்மா காலு தெரியாது” என்றாள்.

“என்னால சொல்ல முடியல, ஹசீனா.”

“எங்கிட்ட பயமா?”

நான் கடிதங்களை மடித்தேன்.

“அன்னிக்கு நாலா அஞ்சான்னு பச்சியப்பன் அண்ணன் கேட்டாரு. இன்னொரு நாழி பொறுத்திருக்கலாம். இப்ப இந்தம்மா சொன்னாங்க. பொறுத்திருக்கலாம்.” குரல் உயரவே இல்லை. துணிக்கு அளவு சொல்கிற மாதிரி சொன்னாள். “நீங்க கெட்டவரில்ல பாய்ஜான். உங்களுக்குத் தெரியும்னு நீங்க நெனைச்சுட்டா அப்புறம் யாரு சொன்னாலும் உங்க காதுல ஏறாது.”

நாலு வருஷமாக இந்தப் பேச்சுக்குக் காத்திருந்திருக்கிறேன். அடியாக வரும் என்று நினைத்தேன். அடி இல்லை. அதைவிட நிஜம்.

மை டப்பாவைக் கேட்டாள். கட்டைவிரலை அழுத்தி வைத்தாள். “மூடட்டும். கல்லை எடுக்க வேணாம்னு எழுதுங்க. தண்ணி இல்லாட்டிப் போவுது, பேரு இருக்கட்டும்.”

22-8-1983, திங்கள்

ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். சுண்ணாம்பு எவ்வளவு, மணல் எந்த அளவு சலித்தது, தளத்தை எப்படி அடைப்பது என்று படம் போட்டுத் தனியாக இரண்டு பக்கம். பம்பைக் கழற்றிவிடச் சொன்னேன். எல்லாவற்றிலும் சரீபா சொல்கிறபடி செய்யவும் என்று கடைசியில் எழுதி, அடிக்கோடு போட்டேன்.

பச்சியப்பனிடம் சொன்னேன். தலையாட்டினான். “மார்ச்சுலயே நானு போட்டிருப்பேனுங்க அந்த மணல.” அவ்வளவுதான். போகும்போது என் வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு வெற்றிலை எடுத்துக்கொண்டான். ஐந்து மாதமாக எடுக்கவில்லை.

6-10-1983, வியாழன்

பாலக்கோட்டிலிருந்து மாதப்பன் என்று ஒரு விவசாயி வந்தார். கிணறு எழுபது அடி, நூறாக்க வேண்டுமாம். கடைப் பையன் காகிதத்தை எடுத்துவிட்டான். பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். மாதப்பன் முழித்தார். “அவிங்களக் கேட்டு என்னாங்க ஆவப்போவுது? நீங்கதான் பெரிய ஆளுன்னாங்க.” மழை வந்துவிட்டது, ஒரு மாசம் பொறுத்துப் பார்ப்போம் என்று அனுப்பினேன். வேறொரு கடைக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். போகட்டும்.

18-12-1983, ஞாயிறு

மூசா வந்துவிட்டான், முன்னறிவிப்பே இல்லாமல், தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கடைப் பேரைக் கேட்டுக்கொண்டு. முகம் வெளுத்திருந்தது. “அண்ணாச்சி, கடல்ல பொறந்து வளந்தவன் நான், ஒரு நாளு வாந்தி எடுத்ததில்ல. ஒங்க தொப்பூர் மலையில எடுத்துட்டேன்.” பச்சியப்பன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். எழுந்திருக்கவே இல்லை.

கையில் ஒரு எண்ணெய் டின், வாயை மெழுகால் அடைத்தது. சரீபா கொடுத்தனுப்பிய கிணற்றுத் தண்ணீர். கிணற்றுக்குச் சொந்தக்காரி ருசி பார்த்துச் சொல்லட்டும் என்றாளாம். கார்த்திகை வரை மழை விழுந்திருக்கிறது. கோடு வரை மூடியாயிற்று. சரீபா கம்பூன்றி நடக்கிறாளாம், இன்னும் கிணற்றடியில்தான், இன்னும் கத்துகிறாளாம்.

மாலையில் பின்கட்டுக் கதவருகே டின்னை வைத்தேன். ஹசீனா மெழுகைச் சுரண்டி, குவளையில் கொஞ்சம் ஊற்றி, பிஸ்மில்லா சொல்லிக் குடித்தாள். நான் அவள் தொண்டையையே பார்த்தேன்.

“கரிக்குது.”

வெளியிலிருந்து மூசா சொன்னான்: “முன்னைக்குக் கொறவுதான் தங்கச்சி. குடிக்க இன்னும் ரெண்டு மழக்காலம் ஆகும்னு சரீபா சொல்லுதா. ரெண்டாகலாம், மூணாகலாம்.”

அவள் இன்னொரு மடக்குக் குடித்தாள். பிறகு என்னைக் கேட்டாள். “கடல் தண்ணியில தொழுகைக்கு ஒளு செய்யக் கூடுமில்ல பாய்ஜான்?”

“கூடும்.”

“அப்ப இதுலயும் கூடும்.”

மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ஹசீனா டின்னை எடுத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்து, ஒரு சொட்டும் வீணாக்காமல் கை, வாய், முகம், முழங்கை, தலை, கால் என்று ஒவ்வொன்றாக நனைத்து ஒளு செய்தாள். பாதி டின் மிச்சமிருந்தது. மூடி, முனாபின் சட்டை மடித்து வைத்திருக்கும் பெட்டி மேல் வைத்தாள்.

கேட்டிருந்தால் எனக்கும் ஊற்றியிருப்பாள். நான் கேட்கவில்லை. குழாயைத் திறந்து என் ஒளுவைச் செய்துகொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன்.